முன்னறை

பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டது நமது இல்லத்தின் முன்னறை. மேலப்பாளையத்துப் பழைய வீடுகள் பலவற்றில் திண்ணையை அடுத்து இத்தகைய அறை ஒன்று இருக்கும். வெளியார் வந்தால் அமரவும், உள்ளே பெண்டிரின் புழக்கத்திற்கு இடையூறின்றி ஆடவர் பேசி முடிக்கவும் ஏற்பட்டது அது. நமது தகப்பனார் காலத்தில் அங்கே நெல் மூட்டைகள் கிடந்தன. நமது காலத்தில் கிதாபுகள் நிறைந்தன. 2024 ஆம் ஆண்டில் அந்தக் கிதாபுகளை ஒவ்வொரு கட்டாக நாமே மாடிக்குச் சுமந்து ஏற்றினோம். நமது இளைய மகள் அவ்வறையில் யூனானி மருத்துவம் பார்க்கத் தொடங்கினாள்.

வீட்டிலிருந்தபடியே சிறிய அளவில் மருத்துவத் தொழில் நடத்த விரும்பும் பெண் மக்கள் நமது சமுதாயத்தில் இப்போது பெருகி வருகின்றனர். அவர்களுடைய பெற்றோரில் சிலர் நம்மிடம் வந்து யோசனை கேட்கின்றனர். மேசைக்கும் நாற்காலிக்கும் என்ன செலவாயிற்று, பெயர்ப் பலகையை எந்த அளவில் எழுதினீர்கள், நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகின்றனர் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். நாம் சொல்ல விரும்புவதோ வேறொன்று. அதைச் சொல்ல வேண்டுமாயின், அதே அறையில் நாம் நடத்திய வைத்தியத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

ஆம், நாமும் வைத்தியம் பார்த்தோம். பதினைந்து ஆண்டுகள் பார்த்தோம்.

வேலூரில் ஓதிக் கொண்டிருந்த நாட்களில் கடைத்தெருவில் முதிய ஹகீம் ஒருவர் இருந்தார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் அவரிடம் சென்று, அரபியிலும் பார்ஸியிலும் இருந்த மருந்து நூல்களை வாசித்துக் காட்டுவோம். அவர் தேநீரும் ரஸ்க்கும் தருவார். அஸ்லுஸ் ஸூஸ் என்பது நம் ஊர் அதிமதுரம், ஷூனீஸ் என்பது கருஞ்சீரகம், ஸன்ஜபீல் என்பது இஞ்சி என்று ஒவ்வொன்றாக அறிந்தபோது உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. இப்னு ஸீனாவின் 'அல் கானூன்' ஐந்து பாகங்களில் இரண்டாவது, தனி மருந்துகளைப் பற்றியது. அதில் வரும் பெயர்கள் பலவும் நமது உம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவையே என்று கண்டபோது, இரு மொழிகளுக்கும் இடையிலிருந்த சுவரில் ஒரு கதவு திறந்தாற்போல் தோன்றியது. ஒன்றின் பெயரை அறிந்தவுடன் அந்தப் பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணுவது மொழி கற்றவர்களுக்கு வரும் நோய். அதற்கு எந்த மஃஜூனும் கிடையாது.

1993 இல் ஊர் திரும்பி மதரஸாவில் ஆசிரியராக அமர்ந்தோம். உடன் பணியாற்றியவர் ஒருவருக்கு நெடுநாளாக வறட்டு இருமல். அதிமதுரத்தை இடித்துக் கொடுத்தோம், குணமாயிற்று. அவர் நான்கு பேரிடம் சொன்னார். அந்த நால்வரும் வந்தனர். பிறகு மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே முன்னறை நிறையத் தொடங்கிற்று. வருவோர் தண்ணீர் கொண்டு வருவர். ஓதி ஊதிக் கொடுப்போம். கூடவே ஒரு பொட்டலமும் கொடுப்போம். அவர்கள் இரண்டையும் ஒரே கையால் வாங்கினார்கள். நாமும் இரண்டையும் ஒரே கையால் கொடுத்தோம். அது இறைமொழியின் பரக்கத்து, இது பொடி என்று பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையதாயிருந்தது. நாம் பிரித்துக் காட்டவில்லை.

காசு வாங்கியதில்லை. வாழைத்தார், எலுமிச்சை, ஒரு சமயம் ஒரு சேவல் என்று கொண்டு வந்து வைப்பார்கள். ஹதியாவை மறுக்கலாகாது என்று பெற்றுக் கொள்வோம். காசு வாங்காததே நமக்கு ஒரு சான்றிதழாயிற்று. காசு கொடாதவரும் நம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை. இது எதனால் ஆனது, எத்தனை வேளை உண்பது, எதுவரை பொறுத்துப் பார்ப்பது என்று எவரேனும் கேட்டிருந்தால் நாம் அப்போதே திணறியிருப்போம். இலவசமாய்க் கொடுப்பவரிடம் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று எண்ணுவது நம் மக்களின் இயல்பு.

ராஸீ அவர்கள் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கிய பெரும் மருத்துவர். மருத்துவர் அருகில் இல்லாதவருக்கென்றே ஒரு நூல் செய்தார். நூலின் பெயரே அதுதான். நமது செயலுக்கு அந்நூலைச் சான்றாகச் சொல்லித் திரிந்தோம். மருத்துவர் இல்லாத இடத்திற்கு எழுதப்பட்ட நூல் அது. நமது தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் பட்டம் பெற்ற மருத்துவர் பலர் இருந்தனர் என்பது ஏனோ நமக்குத் தோன்றவேயில்லை.

நம்மிடம் அதிகம் செலவானது ஸனா. தமிழில் நிலாவாரை என்பார்கள். மலச்சிக்கலுக்கு இதன் இலையையும் காயையும் பயன்படுத்துவர். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் வேறொரு கடுமையான மூலிகையைப் பேதிக்கு உட்கொண்டு வந்ததும், நாயகம் (ஸல்) அவர்கள் அதன் கடுமையைச் சுட்டிக் காட்டியதும், பின்னர் அம்மாதரசி ஸனாவை உட்கொண்டதும் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. அரபு நாட்டில் பிறந்த அச்செடி நம் தென்மாவட்ட வறண்ட நிலங்களில் நன்கு விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்று நமது ஊரின் பெயரையே பெற்றுவிட்டது. ஹதீஸில் வந்த மூலிகை நம் ஊர் மண்ணில் முளைக்கிறது என்றால் ஓர் ஆலிமுக்கு எத்துணைப் பெருமிதம் இருக்கும்! ஊதா நிறக் கண்ணாடி ஜாடி ஒன்றில் அதை நிரப்பி, அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருந்தோம்.

யூனானி மருந்து நூல்களில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அதன் மிஸாஜ், அதாவது இயல்பு. அடுத்து நன்மைகள். பிறகு முளிர் என்றொரு பகுதி: எந்த உறுப்புக்கு, எத்தகைய நிலையில் அது தீங்கு செய்யும் என்பது. அதன்பின் முஸ்லிஹ்: அத்தீங்கைத் திருத்தச் சேர்க்க வேண்டியது. கடைசியாக அளவும், பதிலாகப் பயன்படுத்தக் கூடியதும். ஸனாவோடு ரோஜா இதழ் சேர்க்க வேண்டும் என்ற முஸ்லிஹ் நமக்கு மனப்பாடம். முளிர் என்ற பகுதியில் நம் கண் நின்றதேயில்லை.

2008 ஆம் ஆண்டு ஷஅபான் மாதம். மாலை வகுப்பில் நம்மிடம் ஓதிய பதினொரு வயதுச் சிறுவனை அவனுடைய தகப்பனார் மஃரிபுக்குப் பின் அழைத்து வந்தார். அவன் நிமிர்ந்து நிற்க முடியாமல் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்தான். காலையிலிருந்து வலி, இரண்டு நாளாக வெளிக்கிருக்கவில்லை, ஒருமுறை வாந்தி எடுத்தான் என்றார் தகப்பனார். முந்தின நாள் கல்யாண வீட்டில் உண்டானா என்று கேட்டோம். உண்டான் என்றார். அவ்வளவு போதுமாயிருந்தது நமக்கு. அப்போது ஒன்பது வயதான இளைய மகளைக் கூப்பிட்டு, "அந்த ஊதா ஜாடியை எடுத்து வாம்மா" என்றோம். அவள் நாற்காலி மேலேறி எடுத்து வந்தாள். நமது இல்லத்தார் அடுக்களையில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். நாம் சிறுவனின் நெற்றியில் கை வைத்து ஓதினோம். நெற்றி சுட்டது. நெற்றியில் வைத்த கையை வயிற்றில் வைத்துப் பார்க்கவில்லை.

இரவு மூன்று மணிக்கு அவனைப் பாளையங்கோட்டைக்குத் தூக்கிச் சென்றார்கள். ஸுப்ஹு நேரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குடல்வால் அழுகி வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தது. வயிற்றின் பக்கத்தில் குழாய் வைத்து நாட்கணக்கில் சீழை வடித்தார்கள். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து, எலும்பும் தோலுமாக அவன் வீடு வந்து சேர்ந்தான். அல்லாஹ் அவனைக் காப்பாற்றினான்.

குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதி மருந்து கொடுக்கலாகாது என்பது மருத்துவம் பயிலும் எவரும் அறிந்தது. பேதி மருந்து குடலை முறுக்கித் தள்ளும். வீங்கி இறுகிய இடம் அந்த வேகத்தைத் தாங்காது. குடல்வால் தானாகவும் வெடிக்கக் கூடியதே. நமது கஷாயத்தினால்தான் வெடித்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. இந்த ஐயத்தை நமக்குச் சாதகமாகப் பல ஆண்டுகள் நாம் பயன்படுத்திக் கொண்டோம்.

சிறுவன் தேறிய பின் அவனுடைய தகப்பனார் ஒரு தட்டு நிறையப் பழங்களுடன் வந்தார். "ஹஸ்ரத், உங்கள் துஆவால் பிள்ளை பிழைத்தான்" என்று கண் கலங்கினார். நாம் அந்தத் தட்டை வாங்கி வைத்தோம்.

அதன்பிறகு பொட்டலம் கொடுப்பதைக் குறைத்தோம். பின்பு நிறுத்தினோம். கேட்டவர்களிடம், நல்ல இலை கிடைப்பதில்லை என்று சொன்னோம். தண்ணீர் ஓதிக் கொடுப்பது மட்டும் தொடர்ந்தது. ஊரில் நமது மதிப்பு ஓர் எள்ளளவும் குறையவில்லை.

நமது மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, பக்கத்திலே பாளையங்கோட்டையில் 1964 முதல் நடந்து வரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்க, சென்னை அரும்பாக்கத்து அரசு யூனானி மருத்துவக் கல்லூரிக்கே போவேன் என்றாள். அரபிப் பெயர்கள் காதில் விழுந்து வளர்ந்த பழக்கம் என்று நாம் மகிழ்ந்தோம். 1979 இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. இறுதியாண்டில் ஜராஹத் என்னும் அறுவை மருத்துவப் பாடம் உண்டு. அப்பாடம் நடந்து கொண்டிருந்த சமயம் விடுமுறையில் வந்தவள், ஓர் இரவு உணவுக்குப் பின் கேட்டாள்:

"வாப்பா, அன்றைக்கு அந்தப் பையனுக்கு வலி முதலில் எங்கே இருந்தது, பிறகு எங்கே போனது?"

எந்தப் பையன் என்று நாம் கேட்கவில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி பின்னர் வலப்புற அடிவயிற்றில் இறங்கி நிலைகொள்ளும், காய்ச்சலும் வாந்தியும் சேரும், அழுத்தி விட்டால் விடும்போது வலி துள்ளும் என்று அவள் படித்திருக்கிறாள். அதை வைத்துக் கேட்கிறாள். நமக்குத் தெரியாது என்றோம். "கேட்கவில்லையா?" என்றாள். கேட்கவில்லை என்றோம். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக் கொண்டு உள்ளே போனாள். ஜாடியை எடுத்துக் கொடுத்தது தன் கை என்று அவள் நினைத்திருக்கலாம். அவ்வாறு நினைத்தாயா என்று கேட்கும் துணிவு இன்றுவரை நமக்கு வரவில்லை.

அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய மூன்று தொகுப்புகளிலும் ஒரு ஹதீஸ் உண்டு. மருத்துவம் தெரிந்தவர் என்று முன்பு அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்யப் புகுந்தால் அவரே ளாமின், அதாவது நேரும் கேட்டுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் கருத்து. இதனை மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். அதில் வரும் வினைச்சொல்லின் இலக்கணத்தையும் விரிவாக விளக்குவோம். மருத்துவம் செய்தார் என்பதற்கு நேர்ச்சொல் இருக்க, 'தஃபஃஉல்' என்னும் வாய்பாட்டில் 'ததப்பப' என்று வந்திருப்பது ஏன்? தன்னிடம் இயல்பாக இல்லாத ஒன்றை வலிந்து மேற்கொள்வதை அவ்வாய்பாடு குறிக்கும். பொறுமையில்லாதவர் பொறுமை காட்டுவதும், வீரமில்லாதவர் வீரம் காட்டுவதும் அரபியில் இதே வாய்பாட்டில்தான் வரும். இப்னுல் கையிம் அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். மருத்துவத்தை அரபியில் திப்பு என்போம். அதற்கும் தமிழின் தப்புக்கும் இடையே ஒரு சிறு சுழிதான் என்று சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பதும் நமது வழக்கம். சிரித்த மாணவர்களில் அந்தச் சிறுவனின் ஒன்றுவிட்ட அண்ணனும் ஒருவன்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட இரவு, மாடியேறி அந்நூலை மறுபடி எடுத்தோம். தப்பிக்க வழி தேடித்தான் எடுத்தோம் என்பதையும் மறைப்பானேன்? வழி ஒன்று இருப்பது போலவும் தெரிந்தது. மருத்துவம் செய்பவருக்கு அறிவில்லை என்பதை நோயாளி தெரிந்திருந்தே இசைந்தால் ஈடு இல்லை என்று இப்னுல் கையிம் எழுதுகிறார்கள். ஆனால் அடுத்தாற்போலவே, ஹதீஸ் பேசுவது நோயாளியை மயக்கித் தன்னை மருத்துவர் என்று எண்ணச் செய்தவரைப் பற்றி என்றும் விளக்குகிறார்கள். நாம் நம்மை ஹகீம் என்று ஒருநாளும் சொல்லிக் கொண்டதில்லை. ஆனால் அலமாரி சொல்லிற்று; கிதாபுகள் சொல்லின; தலைப்பாகை சொல்லிற்று. தேர்ந்த மருத்துவர் கவனிக்க வேண்டியவை இருபது என்று அதே இடத்தில் அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். நோயின் வகை எது, அதன் காரணம் எது, நோயாளியின் வலு எவ்வளவு என்று தொடங்கும் அவ்வரிசையில், ஒரு நோயை நீக்கப் போய் அதனினும் கடியதொன்றை வரவழைத்துவிடாதிருத்தலும் அடக்கம். எண்ணிப் பார்த்தோம். அன்றைய மாலையில் நாம் ஒன்றையும் கவனித்திருக்கவில்லை.

மகள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கையில் கைக்குழந்தை. மருமகன் ஷார்ஜாவில் வேலையாயிருக்கிறார். வெளியே மருத்துவமனையில் சேர்ந்தால் குழந்தையை விட்டுப் பத்து மணி நேரம் பிரிய வேண்டும். முன்னறையில் தொடங்கலாமா என்று அவள்தான் கேட்டாள். அந்த அறையில் வேண்டாம் என்று நமது நாக்கு நுனிவரை வந்தது. காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக் கொண்டோம்.

தொடங்குவதற்கு முன் ஆறு மாதம் காகிதங்களிலேயே கழிந்தது. இந்திய மருத்துவ வாரியத்தில் பெயர்ப் பதிவு முதலில். பிறகு, தமிழ்நாட்டில் 1997 இல் இயற்றப்பட்டு 2018 இல் திருத்தப்பட்ட மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அறைக்குப் பதிவு. இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி முனையும் பிளேடும் குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டியில் என்று 2016 ஆம் ஆண்டு விதிகள் கழிவுக்கும் வண்ணம் வகுத்துள்ளன. அவற்றை எடுத்துச் செல்ல ஏற்பாடு, அதற்கொரு சான்று. நமக்கு எரிச்சல் வந்தது. "இந்தப் பத்தடி அறையில் மருந்து கொடுக்க இத்தனை பேரிடம் உத்தரவு கேட்க வேண்டுமா?" என்றோம். அவள் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "கேட்பது நல்லதுதானே வாப்பா" என்றாள்.

அறையில் கை கழுவும் தொட்டி ஒன்று வைத்தோம். நடுவே ஒரு திரை. நோயாளி படுக்க ஒரு கட்டில். இரத்த அழுத்தமானி, சர்க்கரை பார்க்கும் கருவி, எடை பார்க்கும் இயந்திரம். 1944 முதல் நம் நாட்டு மருந்துகளைச் செய்து வரும் இம்காப்ஸ் கூட்டுறவு நிலையத்திலிருந்து ஜவாரிஷ், மஃஜூன், ஷர்பத்து வகைகள் சில. எல்லாவற்றிலும் அவள் அதிகம் கவலைப்பட்டு வாங்கியது கோடு போட்ட தடித்த பதிவேடு ஒன்று. வருவோர் ஒவ்வொருவரின் பெயர், வயது, என்ன சொன்னார், என்ன கண்டோம், என்ன கொடுத்தோம், எப்போது மறுபடி வரச் சொன்னோம் என்று எழுதுவதற்கு. பதினைந்து ஆண்டுகள் வைத்தியம் பார்த்த நம்மிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

கட்டணம் பற்றி வீட்டில் ஒரு சிறு போரே நடந்தது. நம் வாசலில் காசு வாங்குவது வழக்கமில்லை என்றோம். நூறு ரூபாய் வாங்குவேன், இயலாதவர் இயலாது என்று சொன்னால் போதும் என்றாள். நாம் முகம் சுளித்ததைக் கண்டு, நமது ஆயுதங்களையே எடுத்தாள். நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூதைபாவுக்குப் பேரீச்சம்பழம் அளந்து கொடுக்கச் செய்யவில்லையா? தேள் தீண்டிய தலைவனுக்கு ஓதிப் பார்த்த தோழர்கள் ஆட்டு மந்தையைப் பெற்றதை ஆகுமென்று அவர்கள் சொல்லவில்லையா? நாம் விடை சொல்வதற்குள், "காசு கொடுத்தால் கேள்வி கேட்பார்கள் வாப்பா. கேட்கட்டும்" என்றாள். அதற்குமேல் நாம் வாதிடவில்லை.

பெண்ணொருத்தி ஆடவரையும் பார்க்கலாமா என்று பெரியவர் ஒருவர் பள்ளிவாசலில் நம்மை நிறுத்திக் கேட்டார். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, பள்ளியில் அமைந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில்தானே வைத்தார்கள் என்றோம். அவர் மறுவாரமே மூட்டுவலிக்கு வந்துவிட்டார்.

தொடக்க நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் நம்மைத் தேடித்தான் வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் முன்னால் தண்ணீர்ப் புட்டியை வைத்து, "பழைய பொடி இருந்தால் கொடுங்கள் ஹஸ்ரத்" என்பார்கள். ஓதித் தருவோம். பொடிக்கு உள்ளே போங்கள் என்போம். நமக்கு வயதாகிவிட்டது, மகளிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அவர்களே பொருள் செய்து கொண்டனர். நாம் திருத்தவில்லை. மறுபடியும் அதே பழக்கம்!

முதல் வாரத்தில் வந்த எட்டுப் பேரில் மூவரை அவள் வேறிடத்திற்கு அனுப்பினாள். நெஞ்சு எரிகிறது, ஜவாரிஷ் கொடுங்கள் என்று வந்த ஒருவரின் வியர்வையைக் கண்டு, ஆட்டோ பிடித்து நேரே மருத்துவமனைக்கு அனுப்பினாள். கையில் நிலைமையை எழுதிய சீட்டும் கொடுத்தாள். பாதம் மரத்துப் போகிறது, எண்ணெய் கொடு என்று வந்த மாமி ஒருவருக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியச் செய்தாள். 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாமிக்கு இப்போது வீட்டுக்கே மாத்திரை வருகிறது. "வந்தவரை எல்லாம் வேறிடத்துக்கு அனுப்புகிறாளே, இவளுக்கு வைத்தியம் தெரியுமா?" என்று தெருவில் பேச்சு எழுந்தது. நமக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவே கூச்சமாயிருந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. பதிவேட்டில் அந்த மூவரின் பெயருக்கும் எதிரே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்களா என்று மறுநாள் கேட்டு எழுதிக் கொண்டாள்.

ஊதா ஜாடி அலமாரியின் அடித்தட்டில் காலியாகக் கிடந்தது. அதைக் கழுவிப் புதிய இலை நிரப்பி, "பெயரை நீங்கள் எழுதுங்கள் வாப்பா, உங்கள் அரபி எழுத்து அழகாக இருக்கும்" என்று சீட்டு ஒன்றை நீட்டினாள். அரபியிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தோம். கீழே பாதிச் சீட்டு வெறுமையாக இருந்தது. அதில் அவள் முளிர் என்று தலைப்பிட்டு, காரணம் தெரியாத வயிற்றுவலிக்கும், வாந்தி காய்ச்சலோடு கூடிய வயிற்றுவலிக்கும் கொடுக்கலாகாது என்று எழுதி ஒட்டினாள்.

அந்தத் தகப்பனார் சென்ற ரபீஉல் அவ்வல் மாதம் வந்தார். அவருக்கு இப்போது அறுபது நெருங்கியிருக்கும். இளைப்பு. திண்ணையில் நம் பக்கத்தில் அமர்ந்து தம் முறைக்காகக் காத்திருந்தார். மகன் துபாயில் நன்றாக இருக்கிறான், போன மாதம் பெண் பார்த்தோம் என்று சொல்லிக் கொண்டிருந்தவர், "எல்லாம் அன்றைக்கு நீங்கள் ஓதிய ஓதல்தான்" என்றார். பதினாறு ஆண்டுகளாக அவர் வாயில் இருக்கும் சொல் அது. உள்ளே மகள் யாரிடமோ, வலி எங்கே தொடங்கியது என்று கேட்பது திரைக்கு இப்பால் தெளிவாகக் கேட்டது.

சொல்லிவிட்டோம். கஷாயத்தில் இருந்தது இன்னது, அந்த வலிக்கு அதைக் கொடுக்கலாகாது, நாம் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, இதெல்லாம் நமக்குப் பின்னால் தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை என்று, இடையில் நிறுத்தினால் முடிக்க மாட்டோம் என்ற அச்சத்தில் ஒரே மூச்சில் சொன்னோம். உங்களுக்கும் பிள்ளைக்கும் நாம் கடன்பட்டவர்கள், எந்த வகையில் ஈடு கேட்டாலும் கடமை என்றும் சொன்னோம்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மறுபடி பிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகள் அவருடைய எண்ணைக் கூப்பிட்டாள். எழுந்து உள்ளே போனார். அரைமணி நேரம் ஆயிற்று. என்றும் இல்லாதபடி நிறையக் கேள்விகள் கேட்டார்: இந்த மருந்து எதற்கு, இதனால் வேறு கெடுதி உண்டா, எத்தனை நாளில் தெரியும் என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னாள். நூறு ரூபாயைக் கொடுத்துச் சீட்டை வாங்கிக் கொண்டு வெளியே வந்தார். நமக்கு ஸலாம் சொன்னார். துஆ செய்யுங்கள் என்று கூடவே சொல்வது அவர் வழக்கம். அன்று சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து, மறுபடி வரச் சொன்ன தேதியில் வந்தார். இளைப்பு தணிந்திருந்தது. திண்ணையில் சற்று விலகி உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, தெருவைப் பார்த்தபடியே, "பையனிடம் போனில் சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னான்?" என்றோம்.

"ஒன்றும் சொல்லவில்லை. லீவில் வரும்போது ஹஸ்ரத்தை வந்து பார்க்கிறேன் என்றான். துல்ஹஜ்ஜுக்கு வருகிறான்."